கராஜ் விற்பனை: அமெரிக்க உள்ளாட்சிகளின் எண்ணிக்கை வரம்பு

கராஜ் விற்பனை என்பது, ஒரு குடும்பம் தான் வாங்கிப் புழங்கிய தட்டுமுட்டுச் சாமான்களையும் துணிமணிகளையும் வீட்டுக் கார் கொட்டகையிலோ முன்புறப் புல்தரையிலோ பரப்பிவைத்து, ஓரிரு நாள்களுக்குள் அக்கம்பக்கத்தாருக்கும் வழிப்போக்கருக்கும் விற்றுவிடும் அமெரிக்க வழக்கமாகும். இதனை ஆண்டுக்கு எத்தனை முறை நடத்தலாம் என்று வரையறுக்கும் தேசியச் சட்டம் அங்கு இல்லை. மாநிலங்கள் வழங்கிய அதிகாரத்தைக் கொண்டு நகராட்சிகளும், மாநிலத்தின் உட்பிரிவுகளான கவுண்டிகளும் தத்தம் விதித்தொகுப்புகளில் இதை முடிவுசெய்கின்றன.

இவ்வதிகாரத்தின் வேர் நில வகைப்பாட்டு விதிகளில் உள்ளது. ஊரைக் குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இன்னது நடக்கலாம் என வரையறுக்கும் முறை செல்லும் என்று, ஒகையோ மாநிலத்து யூக்ளிட் ஊர் தொடர்பான வழக்கில் 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்புப் பகுதியில் கடை நடத்தக் கூடாது என்பது இதன் விளைவு. ஆயினும் எப்போதாவது நடக்கும் வீட்டு விற்பனை, குடியிருத்தலோடு இயல்பாக ஒட்டிவரும் துணைப் பயன்பாடாகக் கருதப்பட்டு, சில கட்டுப்பாடுகளோடு விடப்படுகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகர விதி இவ்வகைக் கட்டுப்பாடுகளுக்கு நல்ல சான்றாகும். அங்கு விற்பனைக்கு முன் அனுமதி பெற வேண்டும். ஒரு விற்பனை தொடர்ச்சியாக மூன்று நாள்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது. எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் இரண்டு விற்பனைகளுக்கு மேல் நடத்தக் கூடாது. மறுவிற்பனைக்கென்றே வாங்கிய சரக்கை விற்கக் கூடாது. நில வகைப்பாட்டு விதிகளை மீறுவோருக்கு 2,000 டாலர் வரை அபராதம் விதிக்க டெக்சாஸ் மாநிலச் சட்டம் நகராட்சிகளுக்கு இடமளிக்கிறது.

வரம்பு இரண்டு என்று சொல்வதோடு பொருள் முடிந்துவிடுவதில்லை; எதை, எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் விதியின் உண்மையான கடுமை தெரியும். நாள்காட்டி ஆண்டைக் கணக்கில் கொள்ளும் ஊரில் ஒருவர் நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு விற்பனைகளை முடித்துவிட்டு, புத்தாண்டு பிறந்ததும் மேலும் இரண்டை நடத்தி, நான்கு மாதங்களில் நான்கு முறை கடை பரப்பிவிடலாம். டாலஸைப் போல நகர்ந்துகொண்டே வரும் பன்னிரண்டு மாதங்களை எண்ணும் ஊரில் அதே நபர், மூன்றாவது விற்பனைக்கு அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். எண்ணிக்கை ஆளைச் சேர்ந்ததா, முகவரியைச் சேர்ந்ததா என்பதும் முக்கியமானது. ஆளைச் சேர்ந்ததெனில் ஒரே வீட்டில் கணவர் பெயரில் இரண்டும் மனைவி பெயரில் இரண்டும் நடக்க வழியுண்டு. முகவரியைச் சேர்ந்ததெனில், வாடகைக்குக் குடிவந்தவர் தமக்கு முன் அங்கிருந்தவர் நடத்திய விற்பனைகளின் பாரத்தையும் சுமக்க நேரும்.

இவ்விதிகள் தடுக்க முனைவது வீட்டு விற்பனையின் பெயரால் நடக்கும் நிரந்தர வணிகத்தையும், அதனால் தெருவில் சேரும் வாகன நெரிசலையும் ஆகும். ஆனால் சரக்கு எங்கிருந்து வந்தது என்பதே வணிகத்தைப் பிரித்தறியும் சரியான அளவுகோலாக இருக்க, அதை மெய்ப்பிப்பது கடினம் என்பதால் எண்ணிக்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதியவர் ஒருவரின் மறைவுக்குப் பின் வீட்டைக் காலிசெய்யும் குடும்பமும், பிள்ளைகளின் பழைய உடைகளை விற்றுச் செலவை ஈடுகட்டும் எளிய குடும்பமும், மொத்தச் சரக்கு வாங்கி விற்பவரோடு ஒரே தட்டில் வைக்கப்படுவது இம்முறையின் பெருங்குறையாகும். நியூயார்க் மாநிலத்து இதாகா பகுதியின் கராஜ் விற்பனைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் கிரெட்சென் ஹெர்மன், 1997இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்விற்பனைகளில் வணிகத்தோடு அன்பளிப்பின் தன்மையும் கலந்திருப்பதை எடுத்துக்காட்டியுள்ளார்; அத்தன்மை எந்த நகர விதியின் கணக்கிலும் ஏறுவதில்லை.

நகர விதிக்கு அப்பால் மாநில விற்பனை வரிச் சட்டமும் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. டெக்சாஸில் பன்னிரண்டு மாதங்களில் ஒன்றிரண்டு விற்பனைகளும், குடும்பம் பயன்படுத்திய பொருள்களை விற்று ஆண்டுக்கு 3,000 டாலர் வரை பெறும் தொகையும் உரிய நிபந்தனைகளின்படி வரிவிலக்குப் பெறுகின்றன. நியூயார்க்கில் ஆண்டுக்கு மூன்று நாள்கள், 600 டாலர் என்பவை எல்லைகளாகும். நகரக் கணக்கும் மாநிலக் கணக்கும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை. நகரம் அனுமதித்த விற்பனைக்கு மாநிலம் வரி கேட்கலாம்.

விற்பனையைத் தெரிவிக்கத் தெருமுனையில் நடப்படும் அறிவிப்பு அட்டைகள் பற்றிய விதிகளுக்கு 2015ஆம் ஆண்டு புதிய சிக்கல் ஒன்று நேர்ந்தது. அரிசோனாவின் கில்பர்ட் ஊர்மீது தேவாலயம் ஒன்று தொடுத்த வழக்கில், அட்டையில் எழுதியுள்ள செய்தியைப் பொறுத்து வேறுவேறு விதி வகுப்பது பேச்சுரிமை நோக்கில் மிகக் கடுமையான ஆய்வுக்கு உட்படும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இதனால் கராஜ் விற்பனை அட்டைக்கென்று தனி அளவும் தனி நாள்களும் குறித்திருந்த விதிகள், வழக்கு வந்தால் நிற்குமா என்ற கேள்வி எழுந்தது.

எத்தனை முறை விற்கலாம் என்பது உள்ளூர் முடிவாயினும், எதை விற்கக் கூடாது என்பதில் கூட்டாட்சிச் சட்டமும் தலையிடுகிறது. பாதுகாப்புக் குறையால் திரும்பப் பெறப்பட்ட பொருளை விற்பதை 2008ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. பக்கத் தடுப்பு மேலும் கீழும் நகரும் குழந்தைக் கட்டில்கள் இதற்கு எடுத்துக்காட்டு. அத்தடுப்பு கழன்று உண்டாகும் இடுக்கில் சிக்கி 2000 முதல் குறைந்தது 32 குழந்தைகள் இறந்ததையடுத்து, 2011 ஜூன் 28 முதல் அத்தகைய கட்டில்களை விற்பது தடைசெய்யப்பட்டது. ஆண்டின் முதல் விற்பனையாக இருந்தாலும், உரிய அனுமதி பெற்றிருந்தாலும், வீட்டு முற்றத்தில் அக்கட்டிலை விற்பது சட்டமீறலாகும்.