நோட்டுல இருந்த 15, கிலோ இல்லைங்க



போன மார்கழியில எங்க கோவில் மடப்பள்ளியில நடந்தது இது. சர்க்கரைப் பொங்கலுக்குப் பழைய நோட்டு ஒண்ண எடுத்தோம். "அரிசி 10, வெல்லம் 15"னு மட்டும் எழுதியிருந்தது. அரிசியை அங்கேயே இருந்த பழைய சுப்பாக்குல அளந்தாச்சு. வெல்லத்தை நான்தான் 15 கிலோ நிறுத்துப் போட்டேன். பொங்கல் வாயில வைக்க முடியாத தித்திப்பு.

மூத்த தொண்டர் அக்கா ஒருத்தங்க நோட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சாங்க: "தம்பி, இது காத்தி கணக்குப்பா."

ஒரு காத்தி சுமார் 605 கிராம். அப்போ 15 காத்தின்னா 9 கிலோதான். நான் போட்டது 6 கிலோ கூடுதல்!

அதுக்கப்புறம்தான் இந்தக் கணக்கைத் தேடிப் படிச்சேன். பிரிட்டிஷ்காரங்க காலத்துல இங்க மூணு உலகத்து அளவும் கலந்து புழங்கியிருக்கு. 16 தாஹில் ஒரு காத்தி, 100 காத்தி ஒரு பிக்குல். பிக்குல்னா ஓர் ஆள் தோள்ல தூக்குற சுமை, சுமார் 60 கிலோ. முகத்தலுக்கு மலாய் அளவு: 4 சுப்பாக் ஒரு கந்தாங். அந்தக் கந்தாங்கை பிரிட்டிஷ் கேலனுக்குச் சமம்னு வெச்சாங்க, அதாவது 4.55 லிட்டர். ஒரு சுப்பாக் 1.14 லிட்டர், அரிசின்னா ஏறத்தாழ 950 கிராம் பிடிக்கும்.

நம்மவங்க ஊர்ல இருந்து கொண்டு வந்த கணக்கு வேற. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். ஆனா ஊருக்கு ஊர் படியோட கொள்ளளவு மாறும். அதனாலதான் ராஜராஜ சோழன் கட்டின தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டுல நெல்லுக்கு அளவு சொல்லும்போது, எந்த மரக்கால்னும் பேர் சொல்லி வெட்டியிருக்காங்க. அந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்'னு சாமி பேரு! எண்ணை மட்டும் எழுதினா போதாதுன்னு ஆயிரம் வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல.

இந்தியா 1956ல சட்டம் போட்டு மெட்ரிக் முறைக்கு வந்தது. சிங்கப்பூர் 1970கள்ல மாறுச்சு. தேக்கா மார்க்கெட்ல டாச்சிங் தராசு போயி கிலோ தராசு வந்தது. ஆனா அம்மாக்களோட நோட்டு மட்டும் மாறலை.

இப்பவும் அதே குழப்பம் 'கப்'ல இருக்கு. அமெரிக்கக் கப் சுமார் 237 மி.லி., மெட்ரிக் கப் 250, ரைஸ் குக்கரோட வர்ற கப் 180தான். கேக்குக்கு 2 கப் மாவுன்னு படிச்சிட்டு ரைஸ் குக்கர் கப்புல அளந்தா, கால்வாசி மாவு குறைஞ்சிடும்.

வீட்டுல பாட்டியோட படியோ உழக்கோ இருந்தா ஒண்ணு பண்ணுங்க. டிஜிட்டல் தராசுல வெச்சு, பூஜ்யம் ஆக்கிட்டு, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. எத்தனை கிராம் காட்டுதோ அத்தனை மி.லி. அதை ஒரு சீட்டுல எழுதி அடியில ஒட்டிடுங்க. பாட்டி உயிரோட இருந்தா, அவங்க நோட்டுல எது காத்தி, எது படின்னு இன்னைக்கே கேட்டு எழுதிக்குங்க.

எங்க மடப்பள்ளி நோட்டுல இப்போ அந்த 15க்குப் பக்கத்துல "காத்தி = 9 கிலோ"ன்னு சிவப்பு மையில எழுதியாச்சு. எழுதினது நான்தான். 😊