தூபாக் கொடியின் வரலாறு

தேக்காச் சந்தையில் பயற்றங்காய் வாங்குவோர், காயில் சிறு துளை கண்டாலும் அதனை ஒதுக்கிவிடுவர். துளையில்லாக் காயை விளைவிக்க மனிதன் பட்ட பாட்டிற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்க ஏடுகளுள் ஒன்று சிங்கப்பூரிலேயே எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார்.

அவரைக் குடும்பப் பயிர்களுக்குப் பகை பல. அசுவினி இளந்தளிரில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். காய்ப்புழுவோ பூவையும் பிஞ்சையும் துளைத்து உள்ளே புகுந்துகொள்ளும். புகுந்தபின் மருந்து அதனை எளிதில் எட்டாது. ஆதலின் பூக்கும் பருவத்திலேயே தடுத்தல் வேண்டும்.

மலாய் மக்கள் 'தூபா' என்னும் கொடியின் வேரை நசுக்கி ஆற்றில் கலந்து, மயங்கி மிதக்கும் மீன்களைப் பிடித்து வந்தனர். மலாயாவில் காய்கறி பயிரிட்ட சீனத் தோட்டக்காரர்கள் அதே வேரை இடித்து நீரில் ஊறவைத்து, பால்போன்ற அந்நீரைச் செடிகளின்மீது தெளித்துப் புழுக்களைக் கொன்றனர். சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவராகப் பணியாற்றிய தாமஸ் ஆக்ஸ்லி, சாதிக்காய்த் தோட்டமும் வைத்திருந்தார். மரங்களைத் தாக்கும் பூச்சிகளுக்குத் தூபா நீர் ஏற்றது என அவர் 1848ஆம் ஆண்டில் எழுதினார். இச்செடி பூச்சிமருந்தாவது பற்றிய முதற் குறிப்பாக அறிஞர் காட்டுவது இதனையே. ஆக்ஸ்லியின் பெயர் ஒரு சாலைக்கு நிலைத்துவிட்டது. வேரை இடித்த கைகளுக்கு உரியவர் பெயரோ எங்கும் இல்லை. அவர் போற்றிய சாதிக்காய் மரங்களும் சில ஆண்டுகளிலேயே நோயுற்று அழிந்தன என்பது வேறு கதை.

தூபாவும் அவரைக் குடும்பத்ததே. பயற்றங்கொடியைக் காக்க அதன் உறவுக்கொடியே நஞ்சு தந்தது! நம் நாட்டுப் புங்கமரமும் ஒருகாலத்தில் இவ்வினத்திலேயே வைத்து எண்ணப்பட்டது. புங்க எண்ணெயும் பூச்சிகளுக்கு ஆகாது.

வேரிலுள்ள நஞ்சிற்கு 'ரோட்டினோன்' எனப் பெயரிட்டவர் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி, ஆண்டு 1902. உயிரணுக்கள் உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றல் பெறுவதை அது தடுக்கிறது. வெயிலில் விரைவில் சிதைந்துவிடுவதால் காயில் நெடுநாள் தங்காது. இதனாலேயே 1930களில் மலாயாவிலிருந்து இவ்வேர் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. வந்தது. அது மலிவு, நெடுநாள் நிற்பது. அந்நெடுநாள் நிற்றலே பின்னர் அதன் குற்றமாயிற்று. ரேச்சல் கார்சன் அம்மையார் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அதனை உலகிற்கு உணர்த்தியது.

செயற்கை மருந்தைப் பழித்தோர் மீண்டும் தூபா வேரை நாடினர். செடியிலிருந்து வந்தது தீங்கற்றது என நம்பினர். நம்பிக்கை நிலைக்கவில்லை. ரோட்டினோன் ஏற்றப்பட்ட எலிகளுக்கு நடுக்கவாத நோயின் அறிகுறிகள் தோன்றியதை 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் கண்டனர். 2011ஆம் ஆண்டில் அமெரிக்க உழவரிடை நடந்த ஆய்வும், அதனைக் கையாண்டோரிடம் அந்நோய் மிகுதி எனக் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் அதனைப் பயிர்மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது.

சிங்கப்பூரின் பழைய காய்கறித் தோட்டங்களிற் பெரும்பாலானவை வீடமைப்புப் பேட்டைகளாகிவிட்டன. இன்று தேக்காவிற்கு வரும் பயற்றங்காய் பெரும்பாலும் கடலும் பாலமும் கடந்து வருவது. இறக்குமதியாகும் காய்கறிகளில் மருந்து எச்சம் உண்டா என்பதை, 2019ஆம் ஆண்டில் அமைந்த சிங்கப்பூர் உணவு முகவை சோதித்து வருகிறது.