அல்பா நாயின் கதை: ஒரு கூண்டிலிருந்து எங்கட முற்றம் வரை

புதிதாக ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் புத்திமதிக்குப் பஞ்சமே இருக்காது. நாய்க்கு முதல் நீ சாப்பிட வேண்டும். வாசலைத் தாண்டும்போது நீதான் முன்னுக்குப் போக வேண்டும். கதிரையில், கட்டிலில் ஏற விடக்கூடாது. உறுமினால் மல்லாக்கத் தள்ளி, அடங்கும்வரை அமத்திப் பிடிக்க வேண்டும். இல்லாட்டி "அது உன்ர தலையில ஏறிடும்". யூரியூப்பில் இதையே கொஞ்சம் விஞ்ஞானம் பூசிச் சொல்வார்கள்: நாய் ஓநாயின் வழி வந்தது, ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு அல்பா இருக்கும், வீட்டில் நீங்கள் அல்பாவாக இல்லாவிட்டால் நாய் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

நான் நாய்ப் பயிற்சியாளர் இல்லை, வரலாறு படிக்கிற ஆள். ஆனால் ஒரு கருத்து எங்கே பிறந்தது, யார் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், பிழை என்று தெரிந்த பிறகும் ஏன் அது சாகவில்லை என்று தேடுவது எங்கட வேலைதானே. அல்பா என்ற சொல்லைத் தேடிப் போனால் ஓநாயைக் காண முதல் பொலிஸைத்தான் காண்கிறோம்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியில் நாய்களைப் பொலிஸ் வேலைக்குப் பழக்கத் தொடங்கினார்கள். அதில் முன்னுக்கு நின்றவர் கொன்ராட் மோஸ்ற் என்ற பொலிஸ் அதிகாரி. 1910இல் அவர் நாய்ப் பயிற்சி பற்றி ஒரு கைநூல் வெளியிட்டார். பிறகு இராணுவ நாய்களோடும் வேலை செய்தார். அவரை வெறும் முரடர் என்று தள்ளிவிட முடியாது. நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே பலன் கிடைக்க வேண்டும், பிந்தினால் பயன் இல்லை என்பதை ஆய்வுகூட உளவியல் சொல்வதற்கு எத்தனையோ வருடம் முன்பே அவர் கண்டுகொண்டிருந்தார். ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு எண்ணமும் இருக்கிறது. மனிதனும் நாயும் சேர்ந்தது ஒரு கூட்டம், கூட்டத்தில் யார் மேல் என்பது பலத்தால்தான் தீரும், அந்த மோதலில் மனிதன் உடனடியாக வெல்ல வேண்டும். கைசர் காலத்து ஜேர்மனியில், கட்டளையும் கீழ்ப்படிதலுமாக ஓடிய ஒரு நிறுவனத்துக்குள் இருந்து எழுதிய ஒருவருக்கு உலகம் அப்படித் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. 1954இல் இந்த நூல் ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆக, "தலைவன் நீயாக இரு" என்ற கட்டளை முதலில் வந்துவிட்டது. அதற்கான விஞ்ஞானம் பிறகுதான் வந்தது.

அந்த விஞ்ஞானத்தின் முதல் அத்தியாயத்தில் இருப்பவை கோழிகள். நோர்வேயைச் சேர்ந்த தோர்லைவ் ஷெல்டெரப் எப்பே சிறுவனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கத் தொடங்கியவர். எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது யாருக்கு இடம் விட வேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருப்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதினார். கோழிகளைப் பொறுத்தவரை அது உண்மை, கோழி வளர்க்கிற எந்த அம்மம்மாவைக் கேட்டாலும் சொல்லுவா. ஆனால் அதற்குப் பிறகு மற்ற மிருகங்களைப் பார்க்கப் போனவர்களும் அதே ஏணியைத்தான் தேடினார்கள்.

சுவிற்சர்லாந்தின் ருடொல்ப் ஷெங்கெல் அதை ஓநாய்களில் தேடினார். பேசல் நகர மிருகக்காட்சிச்சாலையில் ஓநாய்களைப் பார்த்து, 1947இல் தன் ஆய்வை வெளியிட்டார். முகபாவம், வாலின் நிலை, காதின் நிலை என்று அவர் பதிந்தவை நுணுக்கமானவை, இன்றைக்கும் மதிப்புள்ளவை. அதோடு, கூட்டத்தின் மேலே ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருப்பதாகவும், மற்றவற்றை இடைவிடாமல் அடக்கி அந்த இடத்தைக் காப்பதாகவும் எழுதினார். அல்பா என்ற சொல் ஓநாய்க்கு ஒட்டியது இங்கிருந்துதான்.

இப்போது அந்தக் கூண்டைக் கொஞ்சம் பாருங்கோ. 10 மீற்றர் அகலம், 20 மீற்றர் நீளம். கரப்பந்தாட்ட மைதானத்தின் கோடுகளுக்குள் இருக்கும் இடத்தை விடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குள் பத்து ஓநாய்கள் வரை. காட்டில் ஒரு ஓநாய்க் கூட்டம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றரில் திரியும். வளர்ந்த குட்டிக்குப் பெற்றோரோடு ஒத்துவரவில்லை என்றால் அது எழும்பிப் போய்விடும், தனக்கென்று ஒரு துணையையும் இடத்தையும் தேடிக்கொள்ளும். பேசலில் போக வழி இல்லை. மனிதர்கள் கொண்டுவந்து சேர்த்த ஓநாய்கள், தாங்களாகப் பிரிந்து போக முடியாத இடத்தில், ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஒரு ஏணியைக் கட்டின. (ஒருவரையொருவர் தெரியாத ஆட்களை ஒரு விடுதியில் அடைத்து, மேலே சிலருக்கு அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எங்கட பல்கலைக்கழகங்களில் முதலாம் வருடம் படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதைப் பார்த்துவிட்டு "மனித இயல்பே ராகிங்தான்" என்று ஒருவர் புத்தகம் எழுதினால் எப்படி இருக்கும்?)

இந்தக் கதையில் எனக்கு மிகவும் கோபம் வந்த இடம் ஒன்று இருக்கிறது. ஷெங்கெலின் கட்டுரைக்கு மூன்று வருடம் முன்பே சரியான பதில் அச்சில் இருந்தது. அடொல்ப் மியூரி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1939 முதல் 1941 வரை அலாஸ்காவின் மக்கின்லி மலைத் தேசியப் பூங்காவில் காட்டு ஓநாய்களைப் பின்தொடர்ந்தார். ஒரு குகைக்கு எதிரே மணிக்கணக்காகக் குந்தியிருந்து பார்த்தார். அவர் கண்டது ஒரு குடும்பம். ஒரு சோடி, அவற்றின் குட்டிகள், கூட இருந்து குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வளர்ந்த ஓநாய்கள். அவர் மனதில் அதிகம் பதிந்தது அவற்றின் சிநேகம்தான். 1944இல் அமெரிக்க அரசு வெளியீடாக அது வந்தது. விலங்கியலாளர்கள் படித்தார்கள். நாய்ப் பயிற்சிக்காரர்கள் கையில் எடுத்தது கூண்டை.

இரண்டையும் இணைத்த பாலம் 1970இல் டேவிட் மீச் எழுதிய ஓநாய் என்ற நூல். அப்போது ஓநாய் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் அவர் அதில் தொகுத்தார், ஷெங்கெலின் அல்பாவும் சேர்ந்தே வந்தது. நூல் பரவலாக வாசிக்கப்பட்டது. மோஸ்ற்றின் பழைய கட்டளைக்கு இப்போது விஞ்ஞான முத்திரை கிடைத்துவிட்டது.

அதற்கு முன்பே, 1962இல், ஹொலிவூட் படங்களுக்கு நாய் பழக்கிய வில்லியம் கேலரின் நூல் வந்திருந்தது. முற்றத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், அதே குழியை நீரால் நிரப்பி அதன் தலையை அதற்குள் அமிழ்த்துவது. 1978இல் நியூயோர்க் மாநிலத்தின் நியூ ஸ்கீற் மடத்துத் துறவிகள் ஒரு நூல் எழுதினார்கள். ஜேர்மன் ஷெப்பேர்ட் வளர்க்கிற, நாய்களில் உண்மையான அன்புள்ள துறவிகள். அந்த அன்பான புத்தகத்துக்குள்தான் நாயை மல்லாக்கப் புரட்டி அமத்தும் முறையும் இருந்தது, அல்பா ஓநாய் அப்படித்தான் செய்யுமாம். செய்யாது. கீழ்ப்படியும் ஓநாய் தானாகவே உருண்டு வயிற்றைக் காட்டும், யாரும் பிடித்துப் புரட்டுவதில்லை. 2004இல் சீசர் மிலானின் தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது இந்த மொழி முழு உலகத்துக்கும் போனது.

ஆனால் அந்த நேரத்தில் மீச் தன் கருத்தை மாற்றிக்கொண்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. 1986இலிருந்து கோடைக்குக் கோடை அவர் கனடாவின் வடகோடியில் உள்ள எலெஸ்மியர் தீவுக்குப் போனார். அங்கே மனிதர்கள் வேட்டையாடாததால் ஓநாய்கள் ஆளைக் கண்டு ஓடவில்லை, சில மீற்றர் தூரத்தில் இருந்து பார்க்கலாம். மியூரி கண்டதையே அவரும் கண்டார். 1999இல் எழுதிய கட்டுரையில், இயல்பான ஓநாய்க் கூட்டத்தின் தலைமை என்பது பெற்றோர் பிள்ளைகளை வழிநடத்துவதுதான், அதை அல்பா என்பது ஒரு மனிதத் தாயை அல்பா என்று கூப்பிடுவது மாதிரி, புதிதாக எதையும் சொல்லவில்லை என்று வாதிட்டார்.

நாய் ஓநாயும் இல்லை, அது வேறு கதை. 15,000 வருடங்களாவது எங்களோடு, எங்கட கழிவைத் தின்று, எங்கட முகத்தைப் பார்த்துப் பழகிய மிருகம். தெருநாய்க் கூட்டங்களில் மேல் கீழ் இல்லை என்று சொல்ல வரவில்லை. ரோம் நகரத் தெருநாய்களைப் பார்த்த இத்தாலிய ஆய்வாளர்கள் மூத்தவற்றை இளையவை பின்தொடர்வதையும், யார் யாருக்கு விட்டுக்கொடுக்கும் என்ற ஒழுங்கையும் பதிந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு எலும்புத் துண்டுக்கு யார் விட்டுக்கொடுப்பது என்பது வேறு, கட்டிலில் ஏறும் நாய் உங்கள் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறது என்பது வேறு. கட்டில் மெத்தென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் நாயை எப்படிப் பழக்குவது? இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அது இன்னொரு கிளையால் வந்தது. உளவியலாளர் ஸ்கின்னரின் மாணவர்களான கெலர், மரியன் பிறேலண்ட் தம்பதி 1947இல் மிருகங்களைப் பழக்குவதற்கென்றே ஒரு கம்பனி தொடங்கினார்கள். சரியாகச் செய்த கணத்தில் ஒரு சத்தம், பின்னால் உணவு. இந்த முறை டொல்பின்களிடம் போனது. டொல்பினுக்குக் கழுத்துச் சங்கிலி போட முடியாது, மல்லாக்கப் புரட்ட முடியாது. கோபித்தால் அது தடாகத்தின் மற்றப் பக்கத்துக்கு நீந்திப் போய்விடும். தண்டிக்க வழி இல்லாததால் மனிதர்கள் யோசிக்க வேண்டி வந்தது. 1960களில் ஹவாயில் டொல்பின் பழக்கிய கரன் பிறயர் 1984இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக்கினார், அடுத்த பத்தாண்டில் அது நாய் வளர்ப்பவர்களிடம் வேகமாகப் பரவியது.

நடைமுறையில் அது இப்படி இருக்கும். ஆள் வந்தால் பாயும் குட்டியைக் கத்தித் தள்ளினால் அதற்கு அதுவும் விளையாட்டுத்தான். பாயும்போது திரும்பி நில்லுங்கள். நாலு காலும் நிலத்தில் பட்ட அந்தக் கணம் ஒரு அவித்த கோழித் துண்டு. வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும், ஒருவர் மட்டும் தூக்கிக் கொஞ்சினால் எல்லாம் போச்சு. உறுமினால் அமத்தாதீர்கள், எதற்குப் பயப்படுகிறது என்று பாருங்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதற்கு அடித்தால் நாயின் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கக்கூடும்.

2009இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நடத்தைப் பிரச்சினைக்காகக் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் என்னென்ன முறை செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தவர்கள் அல்லது உதைத்தவர்களில் 43 வீதமானோர் நாய் திருப்பிச் சீறியதாகச் சொன்னார்கள். மல்லாக்கப் புரட்டியவர்களில் 31 வீதமானோர். இவை ஏற்கெனவே பிரச்சினையுள்ள நாய்கள், எல்லா நாய்க்கும் இதே எண்ணைப் பொருத்தக்கூடாது. ஆனால் பிரச்சினையுள்ள நாயிடம்தானே இந்த வைத்தியத்தைச் செய்யச் சொல்கிறார்கள்.

பிறகும் ஏன் அல்பா சாகவில்லை? என் எண்ணம் இது: பயந்து உறைந்துபோன நாயும் ஒழுங்கான நாயும் தூரத்தில் இருந்து பார்க்க ஒரே மாதிரித் தெரியும், கமராவிலும் அப்படித்தான். பொறுமையாக ஆறு வாரம் கோழித் துண்டு கொடுப்பதை யார் இருந்து பார்ப்பது? "அடியாத மாடு படியாது" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த எங்களுக்கு அல்பா புதுச் சரக்கும் இல்லை, பழைய பிரம்புக்கு ஒரு கிரேக்க எழுத்து.

நியூ ஸ்கீற் துறவிகள் 2002இல் வந்த புதிய பதிப்பில் புரட்டும் முறையை நீக்கிவிட்டார்கள். அந்தப் பகுதியை எழுதுவதில் பங்கெடுத்து, பிறகு மடத்தை விட்டு வந்த ஒருவர், அதைச் சேர்த்ததற்காக வருந்தினார். மீச் தன் 1970ஆம் ஆண்டு நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்தைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தன்ர புத்தகம் விற்கக்கூடாது என்று நிற்கிற எழுத்தாளர்! நல்லா விற்றுக்கொண்டிருந்த அந்த நூலின் அச்சு கடைசியில் 2022இல்தான் நின்றது.