பெயர் ஒன்று, ஏற்றி இரண்டு: ஜாவா செருகுநிரல்களின் வரலாற்றில் ஒரு திருப்பம்

2017 பிப்ரவரி 15 அன்று, சூளூர்பேட்டைக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த பி.எஸ்.எல்.வி.-சி37 ஏவூர்தி 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றுள் 101 வெளிநாட்டவருக்கு உரியவை. ஒவ்வொன்றின் உட்கட்டமைப்பையும் ஏவூர்தி அறிய வேண்டியதில்லை. பொருத்தும் முறையும் பிரியும் முறையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தால் போதும். மென்பொருளில் இதற்கு இணையான ஏற்பாடே செருகுநிரல். ஏறும் பொருள் தன்னைப் பற்றிப் பொய் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஜாவா மொழி தன் தொடக்க ஆண்டுகளிலேயே எதிர்கொண்டது.

நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய கிளாஸ்களைக் கொண்டுவந்து சேர்க்கும் 'கிளாஸ் லோடர்' என்னும் ஏற்றி, ஜாவாவில் முதல் பதிப்பிலிருந்தே உண்டு. 1997இல் ஜே.டி.கே. 1.1 உடன் ஜார் கோப்பு வந்தது. பல கிளாஸ்களையும் அவற்றை விவரிக்கும் ஒரு பட்டியலையும் ஸிப் வடிவில் கட்டிய மூட்டை அது. கட்டுவதற்கு ஜார், ஏற்றுவதற்கு லோடர் என இரண்டும் அமைந்ததும் செருகுநிரலுக்கு வழி திறந்தது.

அதே 1997இல், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. ஆய்வகத்தில் பணியாற்றிய விஜய் சரஸ்வத் இதில் ஒரு பெரும் பிழையைச் சுட்டிக்காட்டினார். ஒரே பெயருடைய இரு கிளாஸ்களை இரு ஏற்றிகள் வழியே கொண்டுவந்தால், மெய்நிகர் இயந்திரம் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடும். அவ்வழியே, வெளியார் தொடக்கூடாத தரவையும் தொட்டுவிடலாம். பாதுகாப்பையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட மொழியின் அடித்தளத்தை அசைத்த கண்டுபிடிப்பு இது.

1998இல் ஷெங் லியாங், கிலாட் பிராச்சா இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதற்கான தீர்வை விளக்கியது. ஊரில் இரண்டு முருகன்கள் இருந்தால் தலைப்பெழுத்தைக் கொண்டு பிரித்தறிகிறோம். அதுபோல ஒரு கிளாஸின் அடையாளம் என்பது அதன் பெயரும் அதை வரையறுத்த ஏற்றியும் சேர்ந்ததே. இரு ஏற்றிகள் ஒரு பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், இருவரும் குறிப்பது ஒரே கிளாஸ்தானா என்பதை இயந்திரம் சரிபார்க்க வேண்டும். இந்தக் கட்டுப்பாடு ஜே.டி.கே. 1.2இல் செயலுக்கு வந்தது.

பின்னர் வந்த கட்டுமானங்கள் இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தவை. 1999இல் தொடங்கிய ஓ.எஸ்.ஜி.ஐ. கூட்டமைப்பின் முறையில் ஒவ்வொரு மூட்டைக்கும் தனி ஏற்றி உண்டு. ஆகவே ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் ஒரே செயலிக்குள் மோதாமல் வாழ முடிந்தது. 2004இல் எக்லிப்ஸ் 3.0 அந்த முறைக்கு மாறியது. 2006இல் ஜாவா 6 தந்த 'சர்வீஸ் லோடர்', ஜாருக்குள் வைக்கும் ஒரு சிறு உரைக்கோப்பைப் படித்தே செருகுநிரலைக் கண்டறியும் வழியைப் பொதுவாக்கியது. 2017இல் ஜாவா 9 அந்த அறிவிப்பை மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே கொண்டுவந்தது.

ஆயினும், பெயர்க்குழப்பம் தீர்ந்ததால் நம்பிக்கைச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அயல் நிரலின் கையைக் கட்டிவைக்க உருவான 'செக்யூரிட்டி மேனேஜர்' 2021இல் ஜாவா 17இல் கைவிடத்தக்கது என அறிவிக்கப்பட்டு, 2025இல் ஜாவா 24இல் நிரந்தரமாக முடக்கப்பட்டது. இன்று ஒரு ஜாவா செயலிக்குள் ஏறும் செருகுநிரல், அச்செயலிக்குள்ள அத்தனை உரிமைகளோடும் ஓடுகிறது. வந்தது எந்த ஏற்றியின் வழியே என்பதை இயந்திரம் சொல்லும். எழுதியவர் நம்பத்தக்கவரா என்பதை ஏற்றுபவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.