வேலிப்பழ ஒயினும் கடல்கடந்த சர்க்கரையும்: இங்கிலாந்து வீட்டு ஒயின் மரபு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இங்கிலாந்தின் நாட்டுப்புற வீடுகளில், வேலியோரங்களில் தானே விளையும் எல்டர், பிளாக்பெர்ரி போன்ற காட்டுப்பழங்களைப் பறித்து ஒயின் தயாரிக்கும் வழக்கம் சில நூற்றாண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. இதனைச் சந்தையைச் சாராத தற்சார்பு வாழ்வின் எச்சமாகக் கருதுவோர் பலர். அக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது. பழம் விலையின்றிக் கிடைத்தது என்பது மெய்யே. எனினும் பழச்சாற்றை ஒயினாக மாற்றிய பொருள் பழம் மட்டுமன்று.

பழமும் சர்க்கரையும்

ஒயினுக்குரிய திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 200 கிராமுக்கும் மேற்பட்ட சர்க்கரை இயல்பாகவே உண்டு. நொதித்தலில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு லிட்டரில் 1 விழுக்காடு மதுச்சாரத்தைத் தரும். பிளாக்பெர்ரியில் உள்ள சர்க்கரையோ 100 கிராமுக்கு 5 கிராம் அளவினதே. எல்டர் பழத்தின் துவர்ப்பைத் தணிக்க நீரும் சேர்க்க வேண்டியிருந்ததால் அதன் இனிப்பு மேலும் குறைந்தது. வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்காவிடில் கிடைப்பது விரைவில் புளித்துப்போகும் மெலிந்த பானமே. இதனால்தான் ஒரு காலன் ஒயினுக்கு மூன்று பவுண்டு சர்க்கரை என்னும் அளவு பிற்காலச் செய்முறைகளில் வழக்கமாயிற்று. தொடக்கத்தில் இனிப்புக்குத் தேனே பயன்பட்டது. 1747இல் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூல், வீட்டு ஒயின் வகைகளுக்கும் இடமளிக்கிறது. அக்காலத்தில் சர்க்கரை கரீபியத் தீவுகளின் அடிமைத் தோட்டங்களிலிருந்து வந்து குவிந்தது. பீர் வடிக்கும்போது மேலெழும் நுரையை வாட்டிய ரொட்டித் துண்டில் தடவிச் சாற்றில் மிதக்கவிட்டு நொதிக்கச் செய்தனர்.

1791இல் அடிமை உழைப்பால் விளைந்த சர்க்கரையைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. சர்க்கரையைக் கைவிட்டோர் மூன்று இலட்சம் பேர் எனத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். அவ்வியக்கம் தேநீர்க் கோப்பையையே முன்னிறுத்தியது. வேலிப்பழ ஒயினின் சாடி அதே சர்க்கரையைப் பன்மடங்கு விழுங்கியது என்பது கருதத்தக்கது.

வேலி என்னும் எல்லை

பழம் விளைந்த வேலிக்கும் ஒரு வரலாறு உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின்வழி ஊர்ப் பொதுநிலங்கள் தனியுடைமையாக அடைக்கப்பட்டபோது, எல்லைகளில் முள்வேலிகள் நடப்பட்டன. மேய்ச்சலுரிமையை இழந்த எளியோருக்கு அவ்வேலியின் பழம் எஞ்சியது. காட்டுப்பழம் பறிப்பதை வணிக நோக்கம் இல்லாதவரை திருட்டாகக் கொள்ளாத விதி, 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. இலண்டன் தெருக்களில் சூடான எல்டர் ஒயின் விற்றோரை ஹென்றி மேஹ்யூ 1851இல் பதிவு செய்துள்ளார்.

மொரீஷியஸ் தொடர்பு

1825இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கான பிரித்தானிய இறக்குமதித் தீர்வை, கரீபியச் சர்க்கரையின் தீர்வைக்கு இணையாக்கப்பட்டது. அடிமை முறை ஒழிப்பை அடுத்து, 1834 முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வட இந்தியர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் கணிசமானோர். ஆகவே அக்கால ஆங்கில வீடுகளில் நொதித்த எல்டர் ஒயினில் தமிழ்க் கூலிகள் வெட்டிய கரும்பின் சர்க்கரையும் கலந்திருக்கக்கூடும். எந்தச் சாடியில் எந்தத் தீவின் சர்க்கரை கலந்தது என வீட்டுக் குறிப்பேடுகள் சொல்வதில்லை. சமையல் நூல்கள் அளவைக் குறிக்குமேயன்றி, விளைந்த நிலத்தைக் குறிப்பதில்லை.

1874இல் சர்க்கரைத் தீர்வை நீக்கப்பட்டது. ஐரோப்பியப் பீட்ரூட் சர்க்கரையும் மலிவாகக் கிடைத்தது. உழைப்பாளர் வீடுகளிலும் ஒயின் ஆக்குவது எளிதாயிற்று. 1940இல் சர்க்கரைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது நிலை தலைகீழானது: அவ்வாண்டும் இலையுதிர்காலத்தில் வேலிகளில் பழம் கனிந்தது, ஒயின் வைக்கச் சர்க்கரைதான் இல்லை. பங்கீடு 1953இல் நீங்கிய பின்னரே இவ்வழக்கம் மீண்டும் பரவியது. 1957இல் வீட்டு ஒயினுக்கெனத் தனி இதழே தொடங்கப்பட்டது.