வளவுக்குள் ஒரு மீட்டர்

திருநெல்வேலி டவுனில் நான் வளர்ந்தது வளவு வீட்டில். நீள முற்றம், இருபுறமும் ஆறு குடித்தனம், கடைசியில் கிணறு. மின்வாரிய மீட்டர் ஒன்றே ஒன்று. அதுவும் வீட்டுக்காரர் நடையில், கம்பிக்கதவுக்கு உள்ளே. மாதம் பிறந்தால் பல்புக்கு இவ்வளவு, ஃபேனுக்கு இவ்வளவு, மோட்டாருக்கு இவ்வளவு என்று வாய்க்கணக்கு வரும். இஸ்திரிப் பெட்டிக்குத் தனி.

தண்ணீர் பிடிப்பவள் அம்மா. ஆகவே மோட்டார் ஓடும் நேரம் அவளுக்குத்தான் தெரியும். காலண்டர் தாளின் பின்புறம் குறித்து வைத்தாள். ஒருநாள் தாள்களோடு போய் மின்வாரிய அட்டையைக் கேட்டாள். “நம்பிக்கை இல்லைன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க. பேசுததுன்னா சாரை வரச் சொல்லுங்க.” அடுத்த மாதம் வீடு மாறினோம்.

பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கியது 1944இல். அணைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அந்த மின்சாரத்துக்கு வளவுப் பெண்கள் என்ன கொடுத்தார்கள் என்பதற்கு என்னிடம் இருப்பது அந்தக் காலண்டர் தாள்கள்தான்.

1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், தக்க காரணமின்றி வீட்டுக்காரர் வசதிகளைத் துண்டிக்கக் கூடாது என்றது. எங்கள் ஒயரை யாரும் பிடுங்கவில்லை. கணக்கைத்தான் காட்டவில்லை.

2016இல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. இலவசம் இணைப்புக்கு, அடுப்புக்கு அல்ல. 2022 செப்டம்பர் கட்டணப்படி 200 யூனிட் எரித்த வீட்டுக்கு 225 ரூபாய். அப்படி மூன்று குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் 600 யூனிட். அடுக்கு ஏறி 2,750 ரூபாய் ஆகிவிடும். வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டுவது உண்மைதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால் வசூல் 4,800. மிச்சம் 2,050 ரூபாய் எதற்கு என்று கேட்டால், அம்மாவுக்குக் கிடைத்த பதில்தான் இன்றும் கிடைக்கிறது.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. பாளையங்கோட்டையில் நான் தனியாக வீடு பிடித்தபோது ஒப்பந்தம் நீட்டினார்கள். மூன்று பக்கம். ஆணி அடிப்பது பற்றிக்கூட இருந்தது. கரண்டு பற்றி இரண்டே சொல்: ‘மின்கட்டணம் தனி’.

பேனாவை எடுத்து மின் இணைப்பு எண்ணையும் அன்றைய ரீடிங்கையும் அதற்குக் கீழே எழுதினேன். யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

“வீட்டுல ஆம்பளை யாரும் வரலையா, மேடம்?” என்றார்.