மடிக்கணினி தானாக உறங்குதலும் பூட்டப்படுதலும்

மடிக்கணினி தானாக உறங்குதல் என்பது பயனர் கட்டளை எதுவும் இடாத நிலையில் மடிக்கணினி ஒன்று குறைந்த மின் நுகர்வு நிலைக்குச் செல்வதைக் குறிக்கும். கணினி இயங்கிக்கொண்டிருக்க, திரை மட்டும் மறைக்கப்பட்டுக் கடவுச்சொல் கேட்கப்படுவது தானாகப் பூட்டப்படுதல் எனப்படும். இவை இரண்டும் மின்சாரத்தைச் சேமிப்பதற்காகவும் தரவுகளைப் பாதுகாப்பதற்காகவும் இயங்குதளங்களில் வேண்டுமென்றே அமைக்கப்பட்ட வசதிகள் ஆகும். எனினும் பயனர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இவை மீண்டும் மீண்டும் நிகழுமாயின், அதனைப் பழுதாகக் கொண்டு காரணத்தைக் கண்டறிய வேண்டும். காரணம் மென்பொருள் அமைப்புகள், மூடி உணரி, வெப்பம், மின்கலம் ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பதே பெரும்பான்மை.

வரலாறு

தனிமேசைக் கணினிகளில் மின் மேலாண்மைக்கான தொடக்ககாலச் சீர்தரங்களுள் ஒன்றான ஏபிஎம், இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய நிறுவனங்களால் 1992 இல் வெளியிடப்பட்டது. இதில் பெரும்பாலான முடிவுகளைத் தாய்ப்பலகையில் உள்ள பயோஸ் என்னும் நிலைபொருளே எடுத்தது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொடங்கிய எனர்ஜி ஸ்டார் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட பொருட்கள் கணினிகளும் கணினித்திரைகளுமே.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோசிபா ஆகியவை இணைந்து ஏசிபிஐ என்னும் சீர்தரத்தை வெளியிட்டன. இது மின் மேலாண்மை முடிவுகளை இயங்குதளத்திடம் ஒப்படைத்தது. 2013 இல் இச்சீர்தரத்தின் பொறுப்பு யூஇஎஃப்ஐ மன்றத்திற்கு மாற்றப்பட்டது. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8, கணினி உறங்குவதுபோல் தோன்றினாலும் பிணைய இணைப்பைத் தக்கவைத்துக்கொள்ளும் புதிய காத்திருப்பு முறையை அறிமுகப்படுத்தியது. விண்டோஸ் 10 இல் இது மாடர்ன் ஸ்டாண்ட்பை எனப் பெயர் பெற்று விரிவாக்கப்பட்டது.

நிலைகளை வேறுபடுத்தி அறிதல்

"கணினி தூங்கிவிட்டது" எனப் பயனர் கூறுவது ஐந்து வேறுபட்ட நிகழ்வுகளில் எதுவாகவும் இருக்கலாம். இவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. ஆகையால் நிகழ்ந்தது எது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

* திரை அணைதல்: பாடல் ஓடிக்கொண்டிருந்தால் ஒலி நிற்காது. விசையை அழுத்தியவுடன் திரை ஒளிரும்.
* பூட்டப்படுதல்: ஒலியும் பதிவிறக்கமும் தொடரும். கடவுச்சொல் கேட்கப்படும்.
* உறக்கம்: ஏசிபிஐ சீர்தரத்தில் எஸ்3 எனப்படுவது. நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் செல்லும். ஒலி நின்றுவிடும். பல மாதிரிகளில் மின் விளக்கு மெதுவாக விட்டுவிட்டு ஒளிரும். சில நொடிகளில் பழைய நிலை திரும்பும்.
* ஆழ்துயில்: எஸ்4 எனப்படும் இதனை விண்டோஸ் ஹைபர்னேட் என்று அழைக்கின்றது. நினைவகத்தின் உள்ளடக்கம் வட்டில் எழுதப்பட்டுக் கணினி அணைக்கப்படும். மீண்டும் இயக்கும்போது தயாரிப்பாளரின் சின்னம் தோன்றிய பின்னர், திறந்திருந்த கோப்புகள் அப்படியே கிடைக்கும்.
* முழு அணைவு: மீண்டும் இயக்கும்போது திறந்திருந்த கோப்புகள் இரா. சேமிக்கப்படாதவை இழக்கப்பட்டிருக்கும்.

திரையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்க்கும்போது மட்டும் அது கருமையாகி, ஒலி தொடர்ந்தால், அது உறக்கம் அன்று. கீல் வழியே செல்லும் திரைக் கம்பிவடம் நைந்திருக்கலாம்.

காரணங்கள்

நேர வரம்புகள்

இயங்குதளங்கள், விசைப்பலகையும் சுட்டியும் எவ்வளவு நேரம் தொடப்படவில்லை என்பதைக் கணக்கிட்டு உறக்கத்தை முடிவு செய்கின்றன. மின்கலத்தில் இயங்கும்போது ஒரு வரம்பும், மின்னேற்றி இணைக்கப்பட்டிருக்கும்போது மற்றொரு வரம்பும் உண்டு. மின்னேற்றியின் செருகி தளர்ந்திருந்தால், பயனர் அறியாமலேயே கணினி மின்கலத்திற்கு மாறிக் குறுகிய வரம்பைப் பின்பற்றும்.

நிகழ்பட இயக்கிகள் உறக்கத்தைத் தள்ளிவைக்குமாறு இயங்குதளத்தைக் கேட்டுக்கொள்கின்றன. ஆவணப் படிப்பிகள் பொதுவாக அவ்வாறு கேட்பதில்லை. இதனாலேயே இரண்டு மணி நேரத் திரைப்படத்தின்போது விழித்திருக்கும் கணினி, நீண்ட பக்கம் ஒன்றைப் படிக்கும்போது உறங்கிவிடுகின்றது.

விண்டோஸில் ஆளில்லா உறக்க வரம்பு என்னும் மற்றொரு அமைப்பும் உண்டு. திட்டமிட்ட பணி அல்லது பிணையச் செய்தி காரணமாகக் கணினி தானே விழித்தால், பயனர் எவரும் இல்லை எனக் கருதி, பொதுவாக 2 நிமிடங்களில் அது மீண்டும் உறங்கும். இவ்வமைப்பு வழக்கமான பட்டியலில் தென்படாது. உறக்க வரம்பை "ஒருபோதும் இல்லை" என மாற்றிய பின்னரும் கணினி இரண்டு நிமிடங்களில் உறங்குமாயின் இதனை ஐயுறலாம்.

மூடி உணரி

மடிக்கணினி மூடப்பட்டுள்ளதா என்பதைப் பெரும்பாலான மாதிரிகளில் ஹால் உணரி ஒன்று கண்டறிகின்றது. இது 1879 இல் எட்வின் ஹால் கண்டறிந்த ஹால் விளைவை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பகுதியில் சிறு காந்தமும் எதிர்ப்பகுதியில் உணரியும் இருக்கும். மூடும்போது காந்தம் நெருங்குவதால் உணரி சமிக்ஞை தரும்.

அருகில் வரும் எந்தக் காந்தமும் இதே சமிக்ஞையைத் தோற்றுவிக்க முடியும். கைக்கடிகாரத்தின் காந்தப் பட்டி, கைப்பேசி உறையின் காந்தப் பூட்டு, அடியில் வைக்கப்பட்ட மற்றொரு மடிக்கணினி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். தட்டச்சு செய்யும்போது கை ஓரிடத்திற்கு வரும் வேளையில் மட்டும் கணினி உறங்குவது இதற்கான தெளிவான அறிகுறி.

சோதனைக்காக, மூடியை மூடும்போது "எதுவும் செய்யாதே" என அமைக்கலாம். அதன் பின் சிக்கல் நின்றுவிட்டால் குற்றம் மூடி உணரியிலோ அருகிலுள்ள காந்தத்திலோ உள்ளது. இவ்வமைப்பை அப்படியே விட்டுவிட்டுக் கணினியைப் பையில் வைத்தல் கூடாது. கணினி உள்ளே தொடர்ந்து இயங்கி அளவுமீறிச் சூடாகும்.

வெப்பம்

ஏசிபிஐ சீர்தரத்தில் கணினியைக் காக்கும் இரண்டு வெப்பநிலை எல்லைகள் உள்ளன. முதலாவதைக் கடந்தால் கணினி ஆழ்துயிலுக்கு அனுப்பப்படும். அதனினும் கடுமையான இரண்டாவதைக் கடந்தால் உடனடியாக அணைக்கப்படும். விளையாட்டு, நிகழ்படத் தொகுப்பு போன்ற கடும் பணிகளின்போது மட்டும் சிக்கல் தோன்றுவதும், ஆறிய பின்னர் இயல்பாக இயங்குவதும் இதன் அறிகுறிகள். காற்றுத் துளைகளில் தூசி அடைதல், விசிறி பழுதாதல், மெத்தையின்மீது வைத்துப் பயன்படுத்துதல் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

மின்கலம்

பழைய லித்தியம் அயனி மின்கலத்தின் உள்தடை உயர்ந்திருக்கும். மிகுந்த மின்னோட்டம் தேவைப்படும்போது அதன் மின்னழுத்தம் திடீரெனச் சரியும். இதனால் திரையில் போதிய விழுக்காடு காட்டப்படும்போதே கணினி உறங்கவோ அணையவோ கூடும். மின்னேற்றியுடன் சிக்கல் தோன்றாமல், அதனை நீக்கியவுடன் தோன்றுமாயின் மின்கலத்தை ஐயுற வேண்டும்.

தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பகுதி புடைத்திருந்தாலோ மின்கலம் வீங்கியிருக்கக்கூடும். இது தீ விபத்திற்கு வழிவகுக்கும். கணினியை மின்னேற்றுவதை உடனே நிறுத்தி, மின்கலத்தை அழுத்தாமலும் துளைக்காமலும் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பூட்டு மட்டும் நிகழுதல்

உறக்கமின்றிப் பூட்டு மட்டும் நிகழ்ந்தால் பின்வருவனவற்றை ஆராயலாம்.

* திரைக்காப்பு முடிந்ததும் கடவுச்சொல் கேட்குமாறு அமைக்கப்பட்டிருத்தல்.
* விண்டோஸ் 10 இல் 2017 இல் சேர்க்கப்பட்ட இயங்குநிலைப் பூட்டு. இணைக்கப்பட்ட கைப்பேசியின் புளூடூத் சமிக்ஞை வலுவிழந்தால் இது கணினியைப் பூட்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்தாலும் இவ்வாறே நிகழும்.
* சில புதிய மாதிரிகளில் உள்ள, எதிரில் ஆள் இருப்பதை அறியும் உணரி.
* விண்டோஸ் விசை சிக்கிக்கொண்டிருத்தல். அந்நிலையில் எல் என்னும் எழுத்தைத் தட்டினால் கணினி பூட்டப்படும்.
* நிறுவனத்தின் கொள்கை. பணம்செலுத்து அட்டைத் தரவுகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் சீர்தரம், 15 நிமிடங்களுக்கு மேல் செயலற்றிருக்கும் பயனர் மீண்டும் தம்மை உறுதிப்படுத்த வேண்டும் எனக் கோருகின்றது. இவ்வகைக் கணினிகளில் அமைப்பை மாற்றும் உரிமை நிருவாகிக்கே உண்டு.

பதிவேடுகளைப் படித்தல்

ஊகத்தைவிடப் பதிவேடு நம்பத்தக்கது. நிகழ்வு நடந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்நேரப் பதிவைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸின் நிகழ்வு நோக்கியில் கெர்னல்-பவர் என்னும் மூலத்தின்கீழ் 42 ஆம் எண், கணினி உறக்கத்திற்குச் சென்றதையும் அதன் காரணத்தையும் காட்டும். மாடர்ன் ஸ்டாண்ட்பை கொண்ட கணினிகளில் 506 ஆம் எண்ணைப் பார்க்க வேண்டும். 41 ஆம் எண் இருந்தால், கணினி முறையாக அணைக்கப்படாமல் மின்சாரம் இழந்தோ செயலற்றோ போயிருக்கின்றது.

லினக்ஸில் சிஸ்டம்டி பயன்படுத்தும் வழங்கல்களில், மூடி மூடப்பட்டதாக உணரப்பட்ட நேரம் ஜர்னல் பதிவேட்டில் எழுதப்படும். மூடி திறந்திருந்தபோதே அவ்வரி காணப்பட்டால் உணரியின் குற்றம் உறுதியாகின்றது. மாக் கணினிகளில் பிஎம்செட் என்னும் கட்டளையின் பதிவு, மூடியால் வந்த உறக்கத்தையும் செயலின்மையால் வந்த உறக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டும்.

ஆய்வு வரிசை

1. திறந்துள்ள கோப்புகளைச் சேமித்து, நிகழ்வு ஐந்து நிலைகளுள் எது என்பதை உறுதி செய்தல்.
2. பதிவேட்டில் காரணத்தைப் பார்த்தல்.
3. அருகிலுள்ள காந்தப் பொருட்களை அகற்றுதல்.
4. மின்கலம், மின்னேற்றி ஆகிய இரண்டிற்குமான நேர வரம்புகளைச் சரிபார்த்தல்.
5. மின்னேற்றியுடனும் அது இல்லாமலும் இயக்கி ஒப்பிடுதல்.
6. காற்றுத் துளைகளைத் தூய்மை செய்து வெப்பநிலையைக் கவனித்தல்.
7. நிலைபொருளையும் இயக்கிகளையும் இற்றைப்படுத்துதல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் சிக்கலைத் தீர்த்தது எது என்பது தெரியாமற்போகும்.

தரவு இழப்பும் பாதுகாப்பும்

உறக்க நிலையில் தரவுகள் நினைவகத்திலேயே உள்ளன. மின்கலம் முற்றிலும் தீர்ந்தால் சேமிக்கப்படாதவை அழிந்துவிடும். ஆழ்துயிலில் இவ்வபாயம் இல்லை. தேர்வு, நேர்காணல் போன்ற வேளைகளில் உறக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பது பொருத்தமானது. ஆனால் சிக்கலைத் தவிர்ப்பதற்காகக் கடவுச்சொல் பூட்டை நிலையாக நீக்குவது, பொது இடங்களிலும் பகிர்ந்து பயன்படுத்தும் கணினிகளிலும் தனிப்பட்ட தரவுகளைப் பிறர் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* மடிக்கணினி
* இயங்குதளம்
* ஹால் விளைவு
* லித்தியம் அயனி மின்கலம்